பழைய க்ரோன் மாட்யூல், புது கேட் 6 கேபிள்: ஒன்றோடு ஒன்று சேர மாட்டேன் என்கிறது (சிம்மக்கல் லாட்ஜ் வயரிங்)

வைகைக்கரை கேட்டது:

மதுரை சிம்மக்கல்லில் தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம் உள்ள லாட்ஜ். 14 அறை, ரிசப்ஷன், கிச்சன் என்று மொத்தம் 16 எக்ஸ்டென்ஷன். ரிசப்ஷனுக்குப் பின்னால் இபிஏபிஎக்ஸ் (உள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி), பக்கத்துச் சுவரில் எம்டிஎஃப் பெட்டி (எல்லா போன் வயரும் வந்து சேரும் இடம்). அதில் பத்து ஜோடி க்ரோன் மாட்யூல் (கம்பியை அழுத்திச் செருகும் வாய்கள் உள்ள கட்டை) மூன்று. மேலே உள்ளது வெளி லைனுக்கு, கீழே இரண்டும் அறைகளுக்கு. அறைக்கு அறை 0.5 மில்லி கம்பியில் இரண்டு ஜோடி டெலிபோன் வயர் போயிருக்கிறது, கட்டில் தலைமாட்டில் ஆர்ஜே11 சாக்கெட்.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது. தளத்துக்கு ஒரு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை பெட்டி), கூடவே மூன்று அறைக்கு லேன் என்று ஆறு இடத்துக்கு கேட் 6 நெட் கேபிள் (23 கேஜ், சாலிட், அதாவது இழை இல்லாத ஒற்றைக் கம்பி) இழுத்து, இந்தப் பக்கம் 24 போர்ட் பேட்ச் பேனலில் (பின்னால் கேபிள் கட்டி முன்னால் கார்டு செருகும் பலகை) கட்டியாயிற்று. சிக்கல்கள் இவை:

1. அந்த மூன்று அறைக்கு போனும் இதே கேபிளில் போகட்டும் என்று, க்ரோனிலிருந்து பேட்ச் பேனலுக்கு ஜம்பர் (இணைப்பு வயர்) போட்டோம். க்ரோனில் கம்பி பிடிக்கவே இல்லை. விரலால் லேசாக இழுத்தால் கையோடு வருகிறது. கையில் இருக்கும் பன்ச் டூலில் (கம்பியை வாயில் அழுத்தும் கருவி) 110 பிளேடு, 110 என்ற இன்னொரு வகை வாய்க்கானது. தோலை உரித்துவிட்டும் அழுத்திப் பார்த்தார்கள், சரிவரவில்லை.

2. மூன்று அறையிலும் நெட்டுக்கான ஆர்ஜே45 ஜாக்கிலேயே போனின் ஆர்ஜே11 பிளக்கைச் செருகிச் சோதித்தோம். போன் பேசியது. பிறகு அதே ஜாக்கில் லேப்டாப்பை மாட்டினால் ஒரு அறையில் லிங்க்கே இல்லை, இன்னொன்றில் 100 எம்பிபிஎஸ் மட்டும், மூன்றாவதில் சரியாக 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்).

3. இரண்டாம் மாடி அக்சஸ் பாயிண்ட் கேபிளில் லேன் டெஸ்டர் 1 முதல் 8 வரை வரிசையாக விளக்கு காட்டுகிறது. ஆனால் நெட் விட்டு விட்டு வருகிறது.

4. வாங்கி வந்த கீஸ்டோன் ஜாக் (பிளேட்டில் செருகி மாட்டும் ஆர்ஜே45 ஜாக்), சுவரில் ஏற்கெனவே உள்ள மாடுலர் பிளேட்டில் உட்காரவில்லை.

5. மீதி 11 அறைக்கும் அந்தப் பழைய இரண்டு ஜோடி வயரிலேயே நெட் ஓட்ட முடியுமா? சுவர் சுண்ணாம்புக் காரை. கொத்த ஓனர் சம்மதிக்கவில்லை.

ஜம்பர்வயர் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். டூல்தான் தப்பு.

110, க்ரோன் இரண்டிலும் கம்பியை அழுத்தினால் தகடு தோலைக் கிழித்துச் செம்பைப் பிடிக்கும். அதுவரைக்கும்தான் ஒற்றுமை. 110-ல் தகடு கம்பிக்கு நேர் குறுக்கே நிற்கும். க்ரோனில் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். வாயின் அகலம், ஆழம் எல்லாமே வேறு. 110 பிளேடை க்ரோன் வாயில் விட்டு அடித்தால் கம்பி பாதி ஆழத்தில் நின்றுவிடும், அல்லது தகடு விரிந்துபோகும். விரிந்த தகடு அதற்குப் பிறகு சரியான டூலால் அடித்தாலும் பிடிக்காது. அப்படி அடிபட்ட வாய்கள் எவை என்று பென்சிலால் குறித்துவிட்டு, அந்த ஜோடியை அதே மாட்யூலில் காலியாக இருக்கும் வேறு வாய்க்கு மாற்றுங்கள். 20 ஜோடியில் 16தான் ஓடுகிறது, 4 உதிரி இருக்கிறது. பத்து ஜோடியில் நாலைந்துக்கு மேல் கெட்டிருந்தால் மாட்யூலையே மாற்றிவிடுவது நல்லது. பின்னால் உள்ள ஃப்ரேமிலிருந்து கழற்றி மாட்டுகிற வேலைதான்.

தோலை உரித்தது இரண்டாவது தப்பு. மாட்யூலில் எல்எஸ்ஏ என்று போட்டிருக்கும். அது ஜெர்மன் சொற்களின் சுருக்கம்: பற்றவைக்க வேண்டாம், திருக வேண்டாம், தோல் உரிக்க வேண்டாம். தோல் இருந்தால்தான் கம்பி வாயில் இறுகி நிற்கும். உரித்த செம்பு மெலிசாக ஆடும், நாளாவட்டத்தில் கறுத்தும் போகும்.

செய்முறை: க்ரோன் டூல் வாங்குங்கள். முனையில் குட்டிக் கத்தரி இருக்கும், பிடியில் மடங்கும் கொக்கியும் சின்னக் கத்தியும் இருக்கும். கொக்கி பழைய கம்பியைப் பிடுங்கி எடுக்க. கம்பியை வாயில் வைத்து வால் பக்கம் இரண்டு அங்குலம் வெளியே விடுங்கள். கத்தரி உள்ள பக்கம் வால் பக்கமாக இருக்கட்டும். திருப்பிப் பிடித்தால் வாலுக்குப் பதில் லைனையே வெட்டிவிடும், தினம் நடக்கிற கூத்து இது. டூலை நேராக வைத்து ஒரே அழுத்து. 'டக்' என்று சத்தம் வந்து வால் தெறித்தால் முடிந்தது. ஒரு வாயில் ஒரு கம்பிதான். இழை இழையாக உள்ள பேட்ச் கார்டு வயரைப் போடாதீர்கள், சாலிட் மட்டும்.

கம்பித் தடிமன் 0.4 முதல் 0.8 மில்லி வரை வாங்கும். உங்கள் 23 கேஜ் 0.57 மில்லி வருகிறது, பிரச்சினை இல்லை. ஆனாலும் ஜம்பருக்கு கேட் 6 துண்டு வேண்டாம், விறைப்பாக நின்று பக்கத்துக் கம்பியைத் தள்ளும். 0.5 மில்லி ஒரு ஜோடி ஜம்பர் வயர் வாங்குங்கள்.

டூல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் கடையில் கேட்டால், மஞ்சள் பிளாஸ்டிக்கில் இரண்டு முனை உள்ள ஒன்றைத் தருவார்கள். நாலு கம்பிக்கு அது போதும், நாற்பதுக்குத் தாங்காது.

மாசிவீதி வயர்மேன் பதில்:

இரண்டாவது கேள்வி. ஆர்ஜே11 பிளக் ஆறு இடம் உள்ள உடம்பு, ஆர்ஜே45 எட்டு இடம். அகலத்தில் 2 மில்லி வித்தியாசம். சின்னது பெரியதில் நுழையும், 'கிளிக்' என்றுகூடச் சொல்லும். போனும் பேசும், ஏனென்றால் ஆர்ஜே11-ன் நடு இரண்டு பின்னும் ஆர்ஜே45-ன் 4, 5-க்கு நேராக வந்துவிடும். நீல ஜோடி அங்கேதான் இருக்கிறது, நிற வரிசை 568ஏ-ஆக இருந்தாலும் பி-ஆக இருந்தாலும்.

கெடுவது ஓரத்தில். ஆறு இடப் பிளக்கின் இரு பக்கமும் வெறும் பிளாஸ்டிக் தோள். அது ஜாக்கின் 1-ஆம், 8-ஆம் பின்னை மற்றவற்றைவிட அதிக ஆழத்துக்கு அமுக்கும். நல்ல ஜாக் என்றால் பின் நிமிர்ந்துவிடும். மலிவு ஜாக் என்றால் அப்படியே படுத்துவிடும்.

நீங்கள் சொன்ன மூன்று அறையும் இதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. 1-ஆம் பின் படுத்தால் 1-2 ஜோடி போச்சு. இரு பக்கமும் வேகம் பேசி முடிவெடுப்பது 1-2, 3-6 ஜோடிகளில்தான். அதனால் லிங்க்கே வராது. 8-ஆம் பின் படுத்தால் 7-8 மட்டும் போகும். பேச்சு நடக்கும், 1000 என்று ஒத்துக்கொள்ளும், பிறகு நாலு ஜோடியும் கிடைக்காமல் தடுமாறும். சில நெட்வொர்க் சிப் 100-க்கு இறங்கிவிடும், சிலது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்றாவது அறையில் பின் நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். டார்ச் அடித்துப் பாருங்கள், எட்டு பின்னும் ஒரே உயரத்தில் வரிசையாகத் தெரிய வேண்டும். ஊசியால் நிமிர்த்தி ஓட்டாதீர்கள், ஜாக்கை மாற்றுங்கள்.

போனை அந்த ஜாக்கில்தான் மாட்ட வேண்டுமென்றால் கார்டை மாற்றுங்கள். ஒரு பேட்ச் கார்டின் ஒரு முனையை வெட்டி, நீலம், வெள்ளை-நீலம் இரண்டை மட்டும் ஆர்ஜே11 பிளக்கின் நடு இரண்டில் விட்டு கிரிம்ப் செய்தால் போதும். மறுமுனை எட்டு இடப் பிளக்காகவே இருக்கும், ஜாக்குக்குச் சேதம் இல்லை. மீதி ஆறு கம்பியை உறைக்குள்ளேயே ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு விஷயம் கவனம்: பிளக்கிலும் சாலிட் கம்பிக்கு ஒன்று, இழைக் கம்பிக்கு ஒன்று என்று இருக்கிறது. இழைக் கம்பிக்கானது நடுவில் குத்தி இறங்கும், சாலிட்டுக்கானது கம்பியின் இரு பக்கமும் கவ்வும். பேட்ச் கார்டு இழைக் கம்பி, அதற்கேற்ற பிளக் கேட்டு வாங்குங்கள்.

நாலாவது கேள்வி: மாடுலர் பிளேட்டில் கீஸ்டோன் உட்காராது. ஒரு கம்பெனியின் மாடுலர் ஜாக் இன்னொரு கம்பெனி பிளேட்டிலேயே உட்காராதே. மூன்று வழி. அதே பிராண்ட், அதே சீரிஸில் ஆர்ஜே45 மாட்யூல் வாங்கலாம், விலை கூடும். அந்த சீரிஸுக்கான கீஸ்டோன் அடாப்டர் கிடைத்தால் போடலாம். இல்லையென்றால் 86-க்கு 86 மில்லி டேட்டா பிளேட்டும் மேல்சுவர்ப் பெட்டியும் வைத்துவிடுங்கள். காரைச் சுவர் என்கிறீர்கள், நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். பழைய பெட்டிக்குள் கேட் 6-ஐ மடக்கித் திணித்தால் கேபிள் நெரிந்துவிடும். கேபிள் தடிமனைப்போல் நாலு மடங்காவது ஆரம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 25 மில்லி.

ஓம்மீட்டர் பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் மாடி கேபிளின் இரு முனையிலும் நிற வரிசையைப் பார்த்துச் சொல்லுங்கள். 'வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம்...' என்று அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தால் அதுதான் நோய்.

விளக்கு டெஸ்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த முனை 3, அந்த முனை 3-க்குப் போகிறதா? போகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் ஈதர்நெட் 3-ஐயும் 6-ஐயும் ஒரு ஜோடியாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அடுக்கிய வரிசையில் 3 பச்சை ஜோடியின் ஒரு கம்பி, 6 நீல ஜோடியின் ஒரு கம்பி. இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வரவில்லை. முறுக்கு இல்லாத ஜோடிக்கு இரைச்சலைத் தள்ளும் சக்தி இல்லை, பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் கசியும். சின்ன நீளத்தில் லிங்க் வரும், சிஆர்சி பிழை (டேட்டா சிதைந்து வந்த கணக்கு) ஏறிக்கொண்டே போகும். ஸ்விட்ச் மேனேஜ்டு (உள்ளே நுழைந்து செட்டிங் பார்க்கக்கூடியது) என்றால் அந்த போர்ட்டின் எரர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

சரியான 568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டிக் கால் விரித்து நிற்கும். அந்த விரிப்பு போன் காலத்து மிச்சம்: நடு இரண்டும் லைனுக்கு, அதற்கு வெளியே உள்ள இரண்டும் இரண்டாவது லைனுக்கு. பழைய டெலிபோன் முறையில் 2-7, 1-8 என்று இப்படியே வெளியே வெளியே போகும். அதனால்தான் போன் வயரிங்கே செய்து பழகிய கை டேட்டா ஜாக்கைக் கட்டும்போது 1-2 ஜோடியில் சொதப்பும்.

கட்டும்போது முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிக்கு மேல் போக வேண்டாம். ஜாக்கில் ஏ, பி என்று இரண்டு நிறப் பட்டை ஒட்டியிருக்கும், பேட்ச் பேனலில் எதைப் பார்த்தீர்களோ அதையே இங்கும் பாருங்கள்.

இன்னொன்று. கேபிள் செம்புதானா என்று பார்த்தீர்களா? முனையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். 305 மீட்டர் முழுப் பெட்டி மீதம் இருந்தால் ஒரு கம்பியின் இரு முனையையும் மல்ட்டிமீட்டரில் வையுங்கள். 24 கேஜ் சுத்தச் செம்பு 26 ஓம் அளவில் காட்டும், 23 கேஜ் அதைவிடக் குறைவு. 24 கேஜில் 40-ஐத் தொட்டால், 23 கேஜில் 30-ஐத் தாண்டினால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். அக்சஸ் பாயிண்ட்டுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது என்றால் அலுமினியம் சூடாகும். பன்ச் செய்த இடத்தில் கொஞ்சம் ஆட்டினாலே ஒடியும்.

வைகைக்கரை:

நன்றி அண்ணே. இரண்டாம் மாடியில் நீங்கள் சொன்ன அதே வரிசைதான், இரு முனையும் ஜோடி ஜோடியாக. சுரண்டிப் பார்த்தோம், உள்ளே செம்புதான். ஜாக்கில் டார்ச் அடித்தோம், லிங்க் வராத அறையில் ஓரப் பின் ஒன்று கீழே கிடக்கிறது. ஐந்தாவது கேள்வி பாக்கி. பழைய இரண்டு ஜோடி வயரின் நீளம் அதிகபட்சம் 35 மீட்டர்.

திருநகர் நெட் பதில்:

100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடியை 1-2-லும் இன்னொன்றை 3-6-லும் கட்டிவிடுங்கள். லாட்ஜ் அறைக்கு 100 தாராளம். போனை வைஃபை போனாக மாற்றிக்கொள்ளலாம்.

ஓம்மீட்டர்:

தம்பி, கணக்கு சரி, வயர் சரியில்லை. அந்த 100 எம்பிபிஎஸ் கேட் 5 முறுக்கை நம்பி எழுதிய கணக்கு. இந்த இன்டோர் டெலிபோன் வயரில் முறுக்கு பெயருக்குத்தான் இருக்கும். சிலதில் நாலு கம்பியும் சும்மா சேர்ந்து கிடக்கும். லிங்க் விளக்கு எரிந்துவிடும், அதை நம்பி 11 அறைக்கும் கட்டிவிட்டு, பிறகு அறைக்கு அறை புகார் கேட்க வேண்டும். அதோடு இரு பக்கமும் ஜிகாபிட் போர்ட் என்றால் 1000-க்குப் போகப் பார்த்துத் தடுமாறும் என்று மேலே வயர்மேன் சொன்னதும் சேரும். ஸ்விட்ச் போர்ட்டில் 100-க்கு மேல் அறிவிக்காதே என்று வைத்தால்தான் நிற்கும்.

ஜம்பர்வயர்:

அந்த வயரையே பயன்படுத்தும் வழி இருக்கிறது. விடிஎஸ்எல்2 பிரிட்ஜ் என்று ஜோடிப் பெட்டி வரும், ஒன்று மாஸ்டர், ஒன்று ஸ்லேவ். சாதாரண டெலிபோன் ஜோடிக்கென்றே செய்தது. 35 மீட்டரில் 100 அளவுக்கு ஓடும். ஆனால் 11 அறைக்கு 11 ஜோடிப் பெட்டி என்றால் காசு தாங்காது. என் யோசனை: அறைகளை விட்டுவிடுங்கள். மாடி நடையில் தளத்துக்கு இன்னொரு அக்சஸ் பாயிண்ட் சேர்த்து, கேட் 6-ஐ மேல்சுவர் பிவிசி கேசிங்கில் கொண்டுபோங்கள். பழைய வயர் போனுக்கே இருக்கட்டும், அதற்கு அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. பழைய வயரைக் கயிறாக வைத்து கேட் 6-ஐ இழுக்கலாமா என்றால், 20 மில்லி பைப்பில் வளைவு இரண்டுக்கு மேல் இல்லாவிட்டால் முயன்று பார்க்கலாம். காரைச் சுவரில் பைப்பே இல்லாமல் வயரைப் புதைத்திருந்தால் இழுக்காதீர்கள், பாதியில் அறுந்து போனும் போகும். கரண்ட் வயர் போகும் பைப்பில் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

மாசிவீதி வயர்மேன்:

ஒரு எச்சரிக்கை. பேட்ச் பேனலில் போனும் டேட்டாவும் கலந்து நிற்கப்போகிறது. எக்ஸ்டென்ஷன் லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி வரை இருக்கும், சின்ன இபிஏபிஎக்ஸ் என்றால் 24 சொச்சம். மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி பக்கம் ஏறும். யாராவது அந்த போர்ட்டைத் தவறி ஸ்விட்ச்சில் செருகினால் குறைந்தபட்சம் ரிசீவரை எடுத்துவைத்த மாதிரி போன் லைன் செத்துக் கிடக்கும், மோசமென்றால் ஸ்விட்ச் போர்ட் போகும். பேனலில் 1 முதல் 12 டேட்டா, 19 முதல் 24 போன் என்று பிரித்து, நடுவில் ஆறு காலியாக விடுங்கள். போன் கார்டு எல்லாம் ஒரே நிறம், அந்த நிறம் டேட்டாவில் வரவே கூடாது.

இன்னொன்று, ஃபைபர் பெட்டியின் போன் போர்ட்டை இபிஏபிஎக்ஸின் வெளி லைனுக்குக் கொடுப்பீர்கள்தானே? அதற்கு முன் பழைய செம்பு லைனைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் வோல்டேஜ் மோதினால் புதுப் பெட்டியின் போன் போர்ட் போகும். உங்கள் மேல் மாட்யூல் டிஸ்கனெக்ஷன் வகையாக இருந்தால், மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சின்ன பிளாஸ்டிக் பிளக்கைச் செருகினாலே அந்த ஜோடி அறுந்துவிடும், கம்பியைப் பிடுங்க வேண்டியதில்லை. செருகிய பிறகு இபிஏபிஎக்ஸ் பக்கத்துக் கம்பியில் மீட்டர் வைத்து 0 வருகிறதா பாருங்கள். நேர் கனெக்ஷன் வகை என்றால் நடுவில் அந்தப் பிரிவு இருக்காது, அங்கே கம்பியைக் கொக்கியால் எடுத்து, முனையில் டேப் சுற்றி, எந்த லைன் என்று சீட்டு கட்டிவிடுங்கள்.

வைகைக்கரை:

மேல் மாட்யூலில் நடுவில் இடுக்கு இருக்கிறது, டிஸ்கனெக்ஷன் வகைதான் போல. கம்பத்திலிருந்து வரும் ஒரு செம்பு லைனை மட்டும் ஓனர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்க வேண்டியது: க்ரோன் டூல் 1, கீஸ்டோன் ஜாக் 8 (ஆறுக்கும் புதிது, உதிரி 2), 86 மில்லி பிளேட்டும் பெட்டியும் 6, ஜம்பர் வயர் 50 மீட்டர், போனுக்கு ஒரே நிற பேட்ச் கார்டு 6 (பேனல் பக்கம் 3, அறைப் பக்கம் வெட்ட 3), ஆர்ஜே11 பிளக் 10, டிஸ்கனெக்ட் பிளக் 5. சரியா?

ஜம்பர்வயர்:

பேனல் பக்கம் போனுக்கு கார்டு எதற்கு? க்ரோனிலிருந்து வரும் ஜம்பரை 19 முதல் 21 வரையுள்ள போர்ட்டின் பின்பக்கம், 4-5-ல் நீலக் கம்பிக்கான வாயில் பன்ச் செய்கிறீர்கள். அங்கிருந்து அறை கேபிள் நிற்கும் போர்ட்டுக்கு முன்பக்கம் கார்டு போடுகிறீர்கள். ஆமாம், 3 வேண்டும்தான், சரி. பேனலின் பின்பக்கம் 110 வாயா க்ரோன் வாயா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு விதமும் விற்கிறது. 110 என்றால் பழைய டூலைத் தூக்கிப் போடாதீர்கள், அங்கே அதுதான் வேண்டும்.

கம்பத்து லைன் நிற்கிறது என்றால் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று. மேல் மாட்யூலுக்கு மேலே மாட்டுகிற பத்து ஜோடி அரெஸ்டர் மேகசின் (மின்னல் வோல்டேஜை எர்த்துக்கு இறக்குவது), அதற்குள் கேஸ் ட்யூப். ஐப்பசி மழைக்கு முன்னால் போடுங்கள், சித்திரை கோடை இடிக்கும் சேர்த்துத்தான். மேகசின் ஃப்ரேமைத் தொட்டு எர்த் எடுக்கும், அதனால் ஃப்ரேமிலிருந்து பச்சை வயர் எர்த் பட்டைக்குப் போகிறதா என்று மீட்டரில் பாருங்கள். பல எம்டிஎஃப் பெட்டியில் அந்த ஸ்க்ரூவில் வயரே இருக்காது.

வைகைக்கரை:

பார்த்தோம். ஸ்க்ரூ இருக்கிறது, வயர் இல்லை. நாளைக்கு முதல் வேலை அதுதான்.